அக்காவின் சனிக்கிழமைகள்

அந்த அக்காவை முதன்முதலில் பார்த்தபோது அவர் படுத்திருந்தார். திருகோணமலையில், பாலையூற்றில் ஒரு வீட்டின் பின்னறை அது. வேலைக்குப் போகும் பெண்கள் இருவருக்கென்று வாடகைக்கு விட்டிருந்தார்கள். வவுனியாவிலிருந்து பயணப்பையோடு நான் வந்து இறங்கிய திங்கட்கிழமை மாலை, கதவைத் தள்ளினால் ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் வேலைக்குக் கட்டிய சேலையோடேயே மல்லாந்து கிடக்கிறார். கால்கள் இரண்டையும் சுவரில் உயர்த்திச் சாய்த்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. ஆனால் நித்திரையில்லை.

"வாரும் பிள்ளை," என்றார் கண்ணைத் திறவாமலே. "மற்றக் கட்டில் உமக்கு. அலுமாரியில மேல்தட்டு வெறுமனே கிடக்கு. எழும்பேல்லை எண்டு குறை நினையாதையும்."

நான் குறை நினைத்தேன். அடுத்த நாளும் அவர் அப்படியேதான் கிடந்தார். அதற்கடுத்த நாளும். அப்போது அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நோயாளியுமில்லை, சோகம் பிடித்தவருமில்லை. வேலையால் வந்தார், செருப்பைக் கழற்றினார், படுத்தார். அவ்வளவுதான்.

துறைமுகத்துக்குள் லொறிகளை நிறுக்கும் இடத்தில் அவருக்கு வேலை. சீமெந்து ஏற்றியவை, கோதுமை ஏற்றியவை என்று லொறிகள் ஒவ்வொன்றாக மேடையில் ஏறும். பக்கத்தில் கண்ணாடி போட்ட சிறு அறைக்குள் கதிரையில் இருந்துகொண்டு அவர் நிறையைப் பார்த்துத் துண்டு அடித்துக் கொடுக்க வேண்டும். புழுதியும் ஹோர்ன் சத்தமுமான இடம். அந்த வேலையைப் பற்றி அவர் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

"முழுநாளும் இருந்துகொண்டு செய்யிற வேலை பிள்ளை. அதுவும் முதுகு சாய்க்கிற கதிரை. கடவுளாப் பாத்துத் தந்தது," என்பார்.

இரவுச் சாப்பாட்டுக்கு பேக்கரியில் வாங்கிய பாணும் வாழைப்பழமும். பழம் இல்லாவிட்டால் பாணும் சீனியும். யாராவது தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் குடிப்பார். தானாகப் போட்டுக் குடித்து நான் காணவில்லை. குடித்த கோப்பை கட்டிலுக்குக் கீழே போகும். அங்கே எறும்பு வரும். எறும்பு வந்தபிறகு நான் எடுத்துக் கழுவுவேன். அறையில் தன் பக்கத்தை அவர் கூட்டியதே இல்லை.

வீட்டுக்கார அன்ரிக்கு அதுதான் பெரிய கதை. என்னைக் கிணற்றடியில் காணும்போதெல்லாம் தொடங்குவார். "இப்பிடியொரு பொம்பிளையை நான் கண்டதில்லை. குசினியைப் பாவியுங்கோ எண்டு சொல்லியிருக்கிறன். ஒரு முட்டை அவிச்சதில்லை. இவவை ஆர் கட்டுவான்?"

ஒருநாள் எனக்குக் கோபம் முட்டிவிட்டது. தும்புத்தடியை எடுத்து அறை முழுவதையும் சத்தம் எழக் கூட்டினேன். அவருடைய கட்டிலை இடித்து இடித்துக் கூட்டினேன். அவர் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாக் கூட்டுறீர்," என்றார். அதில் கிண்டல் இல்லை. "கட்டில் காலுக்குப் பின்னால கன பேர் விட்டிடுவினம். நீர் விடேல்லை."

நான் தும்புத்தடியை மூலையில் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை வந்தால் ஆள் மாறிவிடும். காலையிலேயே பெரிய பையொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். வேலை முடிந்து சந்தைக்குள் புகுந்து வெங்காயம், செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு, பூசணிக்காய் என்று பையை நிரப்பிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுவார். கிண்ணியாவும் மூதூரும் தாண்டி, வெருகலுக்குப் போகும் கரையோரத்தில் அவருடைய ஊர். ஞாயிறு பொழுதுபடத் திரும்பி வருவார். உடம்பில் கருவாட்டு மணமும் புகை மணமும் கலந்து வீசும். விரல் நுனிகள் மஞ்சள் பிடித்திருக்கும். மணிக்கட்டில் புதிதாய் ஒரு சுட்ட தழும்பு இருக்கும்.

"ஊரில ஏதும் விசேஷமோ அக்கா?" என்று தொடக்கத்தில் கேட்டிருக்கிறேன்.

"ஒண்டுமில்லை. சமைச்சனான்," என்பார். சொல்லி முடிப்பதற்குள் படுத்துவிடுவார்.

ஒரு வார இறுதியில் எனக்கு வீட்டுக்குப் போக வசதிப்படவில்லை. அன்ரியும் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவதாக இருந்தது. தனியே கிடக்க வேண்டாம் என்று அக்கா என்னைத் தன்னோடு கூப்பிட்டார்.

"வாரும். ஆனா நான் உம்மோட இருந்து கதைக்க ஏலாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. முன்பக்கத்தில் அவருடைய அப்பா கதிரையில் இருந்தார். மெலிந்த, சிரித்த முகமான மனிதர். "என்ர பிள்ளை வந்திட்டுது," என்று எழுந்து நின்றார். அண்ணனும் தம்பியும் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் உழவு மெசின் வைத்திருந்தார். தம்பி மீன் வாங்கி விற்கும் வாடியொன்றில் வேலை செய்தார். இருவரும் எழுந்து வந்து பையை வாங்கினார்கள், என்னிடம் பயணம் எப்படி என்று விசாரித்தார்கள். அம்மா இல்லாத வீடு அது. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

அக்கா நேரே குசினிக்குள் போய் லைட்டைப் போட்டார். நானும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். திங்கள் தொடங்கி வெள்ளிவரை அந்த வீட்டில் பாவித்த பீங்கான், கோப்பை, சட்டி எல்லாம் அங்கே இருந்தன. தொட்டிக்குள் நிரம்பி, மேசையிலும் தரையிலும் வரிசையாக இருந்தன. ஒன்றும் எறியப்பட்டிருக்கவில்லை. பெரியது கீழே, சிறியது மேலே என்று ஒழுங்காக அடுக்கி, ஈ மொய்க்காமல் பழைய சாரத் துணியொன்றால் மூடியும் வைத்திருந்தார்கள். அவரவர் உடுப்புகள் தனித்தனியாக மூன்று குவியலாகக் கிணற்றடி வாங்குப் பலகையில் இருந்தன. யாரோ வரப்போகிறார்கள் என்று தெரிந்து மரியாதையாக ஆயத்தம் செய்தது போலிருந்தது.

அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

அன்று பாத்திரம். சனிக்கிழமை விடியமுதல் உடுப்பு. பிறகு அடுப்பு. நான் தேங்காய் திருவினேன், வெங்காயம் உரித்தேன். நான் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் அவர் நாலைந்தைச் செய்தார். பாலையூற்றில் கிடந்த ஆள் இவர்தானா என்று எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. அன்றைக்குச் சாப்பிட ஒரு கறி, நாளைக்கு ஒரு கறி, பிறகு கிழமை முழுக்கக் கெடாமல் இருக்கக்கூடியவை என்று சமையல் நீண்டுகொண்டே போனது. மீன் புளியாணம், நெத்தலிப் பொரியல், சீனிச் சம்பல், வறுத்து இடித்த மிளகாய்த்தூள். ஆறியதும் எல்லாவற்றையும் பழைய ஐஸ்கிறீம் பெட்டிகளில் போட்டு பிரிட்ஜில் அடுக்கினார்.

"இது வெள்ளிமட்டும் காணுமோ அக்கா?"

"செவ்வாய்க்கிழமை முடிச்சிடுவினம். பிறகு கடைச் சாப்பாடு. கடைச் சாப்பாடு சாப்பிட்டு வயிறு சரியில்லை எண்டு எனக்கு போன் எடுப்பினம்."

பின்னேரம் குசினித் தரையைக் கழுவித் துடைத்து, சட்டிகளைக் கவிழ்த்து, அவர் முதல்தடவையாகப் படியில் குந்தினார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். அவர் கையில் ஒரு சாக்கு, அதற்குள் ஏதோ கடகடவென்று அசைந்தது.

"நண்டு! இப்பதான் பிடிச்சது. உனக்கு விருப்பமெண்டு ஓடிப்போய் வாங்கியந்தனான்," என்றார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

அக்கா சாக்கைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

"நல்ல பெரிய நண்டு," என்றார்.

அன்று இரவு எல்லோரும் சுற்றியிருந்து நண்டுக்கறி சாப்பிட்டோம். அப்பா என்னிடம் சொன்னார்: "இவள் வந்தாத்தான் பிள்ளை இந்த வீட்டுக்கு ஒரு வாசம். மற்ற நாளையில இது வெறும் சுவர்." அவர் பொய் சொல்லவில்லை. மகளுக்கென்று நண்டின் பெரிய காலைத் தானே உடைத்துத் தட்டில் வைத்தார். அந்த வீட்டில் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு மூச்சு முட்டியது.

ஞாயிறு திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டுவிட்டேன்.

"அவையளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்தானே அக்கா? சோறு வைக்கிறது, பீங்கான் கழுவுறது. அது பெரிய வித்தையோ?"

"சொல்லிக் குடுத்தனான்," என்றார். "சோறு வைக்கிறதைச் சொல்லிக் குடுக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போச்சு. அண்டைக்கு என்ர வேலை எல்லாம் அப்பிடியே கிடந்தது. தம்பி வைச்ச சோத்துப் பானையில பிடிச்ச கரியைச் சுரண்ட ஞாயிறு போச்சு. ஆக்களைப் பழக்குறதும் ஒரு வேலைதான் பிள்ளை. அதுக்கும் சேர்த்து எனக்கு ஏலாது."

அடுத்த நிமிடம் நித்திரையாகிவிட்டார். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் மாலை வெயிலில் தண்ணீர் பளபளத்தது. எல்லோரும் ஜன்னலால் பார்த்தார்கள். அவருடைய தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. நான் என் கையை இடையில் வைத்தேன்.

அதன்பிறகு அறையைச் சத்தமில்லாமல் கூட்டினேன். அன்ரியிடமும் கண்டதைச் சொன்னேன். அவர் நம்பினாரா தெரியாது. ஆனால் யார் கட்டுவான் என்ற கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மாரி மழை தொடங்கியபோது அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவருடைய அண்ணனுக்கு போன் செய்தேன். அப்பாவும் அண்ணனும் அன்றைக்கே வந்து சேர்ந்தார்கள். அப்பா கட்டிலடியில் நின்று மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வெளி நடையில் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். நான் கண்டேன். ஒரு கிழமைக்குப் பின் ஆபத்து நீங்கி, வீட்டில் நல்லாக ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பினார்கள்.

"எங்கட வீட்டை கொண்டுபோய் வைச்சுப் பாக்கிறம்," என்றார் அண்ணன். வாடகைக்கு வான் பிடித்து, தலையணை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து நான் போன் எடுத்தேன். அண்ணன்தான் எடுத்தார். "அவ குசினியில நிக்கிறா. பொறுங்கோ, கூப்பிடுறன்."

அக்கா வந்தார். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

"ரெஸ்ட் எடுக்கிறீங்களோ அக்கா?"

"ஓம் பிள்ளை. ரெஸ்ட்தான். கதிரையைப் போட்டு இருந்துகொண்டுதான் வெட்டுறன்."

சுகயீன விடுமுறை முடிந்து அக்கா அறைக்கு வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. படியில் ஏறவே மூச்சு வாங்கியது. அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை காலையில் பையை எடுக்காமல் வேலைக்குப் போனார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மாலையில் நான் வேலையால் வர, அவர் கட்டிலில் கிடந்தார்.

"அக்கா, இண்டைக்கு வெள்ளி."

"தெரியும்."

பொழுது பட்டதும் போன் அடித்தது. அவர் படுத்தபடியே எடுத்தார். "நான் வரேல்லை அண்ணா... இல்லை, காய்ச்சல் இல்லை... வேலையும் இல்லை... ஒண்டுமில்லை. சும்மாதான்." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. "சும்மா," என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு போனைத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

"சும்மா எண்டு சொன்னா அவையளுக்கு விளங்குதில்லை," என்றார் என்னிடம்.

நினைத்த மாதிரி அந்த ஓய்வு இனிமையாக இருக்கவில்லை. சனிக்கிழமை விடிய நான் கண் விழித்தபோது அவர் கட்டிலில் எழுந்து, கால்களைத் தரையில் ஊன்றியபடி இருந்தார். "இந்த நேரம் அப்பா தேத்தண்ணிக்கு வந்து நிப்பார்," என்றார். பிறகு கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார். மறுபடி படுத்தார். முழுநாளும் அப்படியே போனது. அவருக்கு அழுகை வந்ததையும் கண்டேன். சுவர்ப் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், தோள் மட்டும் அசைய அழுதார். நான் பாண் வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன்.

அடுத்த வெள்ளியும் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை மதியம் வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. அண்ணன் வந்திருந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. அன்ரி கதிரை போட்டும் இருக்கவில்லை. நேரே அறை வாசலுக்கு வந்தார்.

"ஆர் அவன்?" என்றார்.

அக்கா எழுந்து கட்டிலில் இருந்தார். "எவன்?"

"மறைக்காத. நல்ல பெடியன் எண்டா நாங்கள் ஒண்டும் சொல்லமாட்டம். அப்பாவும் சரியெண்டு சொல்லிப்போட்டார். ஆரெண்டு மட்டும் சொல்லு."

"ஒருத்தரும் இல்லை அண்ணா."

"அப்ப என்னத்துக்கு வீட்டை வாறாயில்லை? சனி ஞாயிறு இங்க என்ன செய்யிறாய்?"

"படுத்திருக்கிறன்."

அண்ணனுக்கு அது விளங்கவில்லை. "படுத்து?"

"படுத்துத்தான். வேற ஒண்டும் செய்யேல்லை."

"படுக்கிறதெண்டா வீட்டை வந்து படன். உன்ர அறை அப்பிடியேதானே கிடக்கு. நான் ஒருத்தரையும் போக விடேல்லை."

அக்கா அவரைக் கனநேரம் பார்த்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். இல்லை. அந்தப் பார்வையில் கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

"ஓம், அறை இருக்கு," என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்கோ. இவவுக்கு என்ன பிரச்சினை?"

"அக்கா களைச்சுப் போனா அண்ணா."

"களைப்போ? கதிரையில இருந்து செய்யிற வேலைதானே!"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அறைக்குள் கண்ணை ஓட்டினார். இரண்டு கட்டில், ஒரு அலுமாரி, மேசையில் பாதிப் பாண். ஒளிந்திருக்க அங்கே எவனுக்கும் இடமில்லை. போகும்போது, தங்கைக்கென்று கொண்டுவந்த இறால் பையை கேற்றில் கொழுவிவிட்டுப் போனார். அன்ரிதான் அதைத் துப்புரவாக்கிச் சமைத்தார். அக்கா கட்டிலில் இருந்துகொண்டே இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். "ஆரோ சமைச்சதைச் சாப்பிட்டு எத்தினை காலம் அன்ரி," என்றார். அன்ரி அவருடைய பீங்கானில் இன்னும் கொஞ்சம் கறி ஊற்றினார்.

அப்பா மகளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அக்கா போன் எடுத்தால் தம்பிதான் எடுத்து, "அப்பா வெளியில போயிட்டார்," என்பார். பின்னால் அப்பாவின் இருமல் கேட்கும்.

தைக்குப் பிறகு செய்தி வந்தது. அண்ணனுக்குக் கலியாணம். தங்கைக்கு முதலில் முடியட்டும் என்று அவ்வளவு காலம் தள்ளிப் போட்டிருந்த கலியாணம் அவசரம் அவசரமாக நிச்சயமானது. பெண் மூதூர்ப் பக்கம். வீட்டில் இருந்து தையல் தைத்துக்கொண்டிருந்த, கதை குறைந்த பிள்ளை.

கலியாணத்துக்கு நானும் போயிருந்தேன். அக்கா பச்சைச் சேலை உடுத்து, வந்தவர்களைக் கவனித்துக்கொண்டு வடிவாக நின்றார். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ ஒரு உறவுக்காரப் பெண் பெரிய நிம்மதியோடு சொன்னார்: "இனி இந்த வீட்டுக்குக் கவலையில்லை. சட்டி பானைக்கு ஒரு ஆள் வந்திட்டுது." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

அறைக்குத் திரும்பியதும் அவருக்குப் படுக்க முடியவில்லை. கட்டிலில் நிமிர்ந்து இருந்தார்.

"நான் விட்டிட்டு வந்த இடத்தில ஒரு பிள்ளையைக் கொண்டந்து நிப்பாட்டிப் போட்டினம்."

"அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது அக்கா? அது உங்கட பிழையில்லை."

"பிழையெண்டு நான் சொல்லேல்லையே. களைப்பு எண்டு சொல்லுறன். முந்தி எனக்கு என்ர களைப்பு மட்டும்தான். இப்ப அவளின்ரயும் சேர்ந்து வந்திட்டுது."

இரண்டு மாதம் அப்படியே போனது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் பையை எடுத்தார். மறுபடியும் போய் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஞாயிறுவரை அவர் அங்கே நிற்கவில்லை. சனிக்கிழமை மதியமே திரும்பி வந்தார். கூடவே அண்ணன் கட்டிய அந்த மச்சாளும் வந்தாள். கையில் பூப்போட்ட ஒரு சின்னப் பை. மச்சாளுக்குத் திருகோணமலை காட்டப் போகிறேன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். புதுப் பெண்ணுக்கு டவுன் காட்டுவதை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்தப் பிள்ளை அக்காவின் கட்டில் விளிம்பில் ஒட்டாமல் இருந்தாள். அவளுடைய மணிக்கட்டில் இரண்டு சுட்ட தழும்புகள் இருந்தன. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "குசினி எந்தப் பக்கம் மச்சாள்? தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டாள்.

"தேத்தண்ணி வேண்டாம். படும்," என்றார் அக்கா.

"இந்த நேரத்திலயோ?"

"ஓம். இந்த நேரத்திலதான்."

"டவுன் பாக்கிறது?"

"டவுன் நாளைக்கும் இருக்கும்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுப்பதுபோல அவள் கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு படுத்தாள். யாராவது வந்துவிடுவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பாயைத் தரையில் விரித்துத் தானும் படுத்தார். கால் மணித்தியாலம் போயிருக்கும். கட்டிலில் இருந்து மெல்லிய குறட்டை கேட்டது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர் அப்படிச் செய்து நான் கண்டது அன்று மட்டும்தான்.

பொழுது சாய போன் அடித்தது. அண்ணன்தான்.

"மச்சாள் நித்திரை. எழுப்ப ஏலாது," என்றார் அக்கா படுத்தபடியே. "என்ன, சோறோ? எத்தினை சுண்டு அரிசி போட்டனீங்கள்?... கழுவினனீங்களோ?... சரி, அரிசிக்கு மேல ஒரு விரல்கோட்டுக்குத் தண்ணி விடுங்கோ... இல்லை அண்ணா, பக்கத்தில நில்லுங்கோ. ரீவி பாக்கப் போகாதையுங்கோ... கரிஞ்சா நீங்கள்தான் சுரண்ட வேணும். நாங்கள் நாளைக்குப் பின்னேரம்தான் வருவம்."

அந்தச் சோறு குழைந்து கஞ்சியாகப் போனதாம். அப்பாவும் தம்பியும் அண்ணனும் அதைச் சம்பலோடு சாப்பிட்டார்களாம். மூவரும் உயிரோடுதான் இருந்தார்கள்.

அதன்பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளை வரத் தொடங்கினாள். ஒருதடவை அவளை நிலாவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார் அக்கா. கடலில் கால் நனைத்துவிட்டு இருவரும் மர நிழலில் படுத்துவிட்டார்களாம். இடைப்பட்ட கிழமைகளில் அக்காவும் எப்போதாவது ஊருக்குப் போவார். போனாலும் ஒரு கறிக்குமேல் வைக்கமாட்டார். அப்பா மறுபடி கதைக்கத் தொடங்கினார். ஆனால் முன்போல, மகள் வந்தால் எழுந்து நிற்பதில்லை என்று அக்கா சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை மட்டும் மிஞ்சியது.

நான் கலியாணம் செய்து வவுனியாவோடு போய்விட்டேன். இரண்டு பிள்ளைகள். கணவரும் வேலைக்கு, நானும் வேலைக்கு. போனில் கதைப்பது குறைந்து குறைந்து, வருடப்பிறப்புக்கு ஒரு வாழ்த்து என்ற அளவில் வந்து நின்றது.

போன வருடம் அலுவலகக் கூட்டமொன்றுக்காகத் திருகோணமலைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை. கூட்டம் மதியத்தோடு முடிந்துவிட்டது. மாலை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அக்காவைப் பார்க்கப் போனேன். அன்ரியின் அறையை விட்டு, பாலையூற்றிலேயே தனியாக ஒரு சின்ன வீடு எடுத்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. அப்பா காலமாகிவிட்டார் என்றார். கடைசி மாதங்களில் அண்ணன்தான் அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி காய்ச்சிப் பருக்கினாராம். "நல்லாக் காய்ச்சுவார் இப்ப," என்றார்.

நான் பிள்ளைகளைப் பற்றி, வேலையைப் பற்றி, கணவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா நான் சொல்வதைக் கேட்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை நாளைக்குச் சமைச்சு வைச்சிட்டு வந்தனீர்?" என்று கேட்டார்.

நான் சிரிக்கப் பார்த்தேன். சரியாக வரவில்லை. முந்தின நாள் பின்னேரம் தொடங்கி விடியும்வரை நின்று, கறி வைத்து, பிள்ளைகளின் உடுப்புத் தோய்த்து மடித்து, எது எங்கே இருக்கிறது என்று கணவருக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

"ரெண்டு நாளைக்கு," என்றேன்.

அக்கா எழுந்து போய் உள்ளே இருந்து ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்து ஜன்னலுக்குக் கீழே போட்டார்.

"இந்தப் பக்கம்தான் காத்து வரும். படும்."

"பஸ்ஸுக்குப் போக வேணும் அக்கா."

"அடுத்த பஸ்ஸும் வவுனியாவுக்குத்தான் போகும்."

கைப்பைக்குள் போன் அடித்தது. நான் பையைத் திறக்கவில்லை. சேலையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் படுத்தேன். எனக்குப் பக்கத்தில் அக்காவும் முனகிக்கொண்டு சரிந்து படுத்தார். திறந்திருந்த குசினிக் கதவால் காலையில் சாப்பிட்ட பீங்கான்களும் கழுவாத ஒரு சட்டியும் தெரிந்தன. காற்று வந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.